குப்பை வண்டி யாருடையது? தெலுக் இந்தானிலிருந்து ஓர் ஊராட்சி வரலாறு

தெலுக் இந்தானுக்கு மாணவர்களைச் சுற்றுலா அழைத்துப் போன ஆசிரியர்கள் நம்மில் நிறையப் பேர். சாய்ந்த கோபுரத்தின் முன்னால் வரிசையாக நிறுத்தி ஒரு படம், அப்புறம் ஆளுக்கொரு செண்டோல், அப்புறம் பேருந்து. அந்தக் கோபுரம் எதற்காகக் கட்டப்பட்டது என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். "மணி பார்க்க, டீச்சர்" என்பார்கள். அதில் கடிகாரம் இருக்கிறது, அதனால் அப்படிச் சொல்வதில் தப்பில்லை. ஆனால் 1885-இல் லியோங் சூன் சோங் என்ற குத்தகையாளர் அதைக் கட்டியது தண்ணீர் தேக்கி வைக்க. வறட்சிக் காலத்தில் ஊருக்குத் தண்ணீர் வேண்டும், கடைவீதியில் தீப்பிடித்தால் அணைக்கவும் வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் எட்டு மாடி, உள்ளே போனால் மூன்றே மாடி. 25 மீட்டருக்குச் சற்று அதிகமான உயரம். அடியில் மென்மையான ஆற்றோர மண், மேலே தொட்டித் தண்ணீரின் பாரம். சாய்ந்துவிட்டது.

எல்லாரும் சாய்வைப் பார்க்கிறோம். நான் இங்கே பேசப்போவது தண்ணீரைப் பற்றி. கோபுரத்தைக் கட்டியவர் தனியார் குத்தகையாளர். கட்டிக் கொடுத்தார், கூலி வாங்கினார், போய்விட்டார். தண்ணீர் ஊருடையதாகவே இருந்தது. ஒரு வேலையைக் குத்தகைக்கு விடுவது வேறு, ஒரு சேவையையே கை மாற்றிவிடுவது வேறு. இந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். தனியார்மயம் என்றதும் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம், அதனால்தான் வகுப்பில் இதைப் புரிய வைக்கச் சிரமப்படுகிறோம்.

தெலுக் இந்தானின் பழைய பெயர் தெலுக் அன்சன். பினாங்கில் துணை ஆளுநராக இருந்த ஆர்ச்சிபால்ட் அன்சன் பெயரால் வந்தது, 1982-இல்தான் மாற்றினார்கள். பேராக் ஆற்றுத் துறைமுகம் என்பதால் ஈயமும் பிறகு ரப்பரும் இங்கு வந்து இறங்கின. 1893-இல் தாப்பா ரோட்டிலிருந்து ரயில் வந்தது. இந்தக் காலத்தில்தான் மலாய் மாநிலங்களில் ஊராட்சி உருவாகிறது. 1890-இல் கோலாலம்பூரில் சுகாதார வாரியம் அமைத்தார்கள். "சேனிட்டரி போர்டு" என்பார்கள். பேராக் நகரங்களுக்கும் அதே ஏற்பாடு வந்தது. உறுப்பினர்களை அரசாங்கமே நியமித்தது, தேர்தல் கிடையாது. சாலை, சாக்கடை, குப்பை, மலக்கூடை, கசாப்புக் கூடம், சந்தை எல்லாம் அவர்கள் பொறுப்பு. அந்த வேலைக்கு ஆள்? பெரும்பாலும் நம்மவர்கள். பொதுப்பணி இலாகாவிலும் ரயில்வேயிலும் எப்படித் தென்னிந்தியத் தொழிலாளர்களைச் சேர்த்தார்களோ, அப்படியே இங்கும். அந்த வேலை செய்தவர்களை நம் சமூகமே சாதி சொல்லி ஒதுக்கியதையும் பாடத்தில் மறைக்க வேண்டாம். பிள்ளைகளுக்குத் தெரியட்டும்.

ஊருக்கு வெளியே, செம்மண் சாலையைத் தாண்டி, வேறொரு உலகம் இருந்தது. தோட்டம்.

தோட்டத்தில் தண்ணீர் கொடுத்தது யார்? கம்பெனி. லயத்தைக் கட்டியது? கம்பெனி. காய்ச்சல் வந்தால் ட்ரெசரிடம் போகிறோம், அவருக்குச் சம்பளம் கொடுப்பது கம்பெனி. ஆயாக் கொட்டகை, கோயிலுக்கு நிலம், சாக்கடை, சுடுகாடு, எல்லாமே கம்பெனி. பஞ்சாயத்தில் தீர்ப்புச் சொல்வதுகூடப் பாதி நேரம் கிராணியும் தண்டலும்தான். ஊராட்சி செய்ய வேண்டிய அத்தனையும் ஒரு தனியார் முதலாளியின் கையில். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேருக்கு மேல் இருந்தால் தோட்டம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்றது. நம் தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பாலானவற்றின் பிறப்புச் சான்றிதழ் இந்தச் சட்டம்தான். சட்டம் சொன்னது அரசாங்கம், நடத்தியது முதலாளி.

நல்ல முதலாளி கிடைத்தால் நல்ல ஊராட்சி. தெலுக் இந்தான் பக்கம் ஜெண்டராத்தாவைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். டென்மார்க்கைச் சேர்ந்த பொறியாளர் ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் 1906-இல் தொடங்கிய ரப்பர் கம்பெனி, பின்னாளில் யுனைடெட் பிளாண்டேஷன்ஸ். சொந்த மருத்துவமனை, சொந்தச் சிறு ரயில் பாதை, பள்ளி, கோயில் என்று ஒரு சிறு நகரம்போல வளர்ந்தது. எல்லாத் தோட்டமும் அப்படியில்லை என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்களே சொல்வார்கள். கிணற்றுத் தண்ணீரும் ஒழுகும் அத்தாப்புக் கூரையுமாகக் காலம் தள்ளியவர்கள்தான் அதிகம். நல்லதோ கெட்டதோ, துரையைப் பிடிக்கவில்லை என்று மாற்ற முடியாது. வேலை போனால் வீடு போகும், வீடு போனால் தண்ணீரும் போகும்.

ஆகவே தனியார்மயம் 1980-களில் வந்தது என்று நாம் படிப்பது பாதி உண்மை. நம் மக்களில் பெரும்பகுதிக்கு உள்ளாட்சி தொடக்கத்திலிருந்தே தனியாரிடம்தான் இருந்தது. தோட்டம் தனியார் நிலம் என்பதால் சுதந்திரத்துக்குப் பிறகும் அரசாங்கத்தின் கிராம மேம்பாட்டுத் திட்டங்கள் அதன் வாசல்வரை வந்து நின்றன. நகர மன்றத்துக் குப்பை வண்டியும் அப்படித்தான்.

நடுவில் ஒரு சின்ன ஜன்னல் திறந்தது. 1951 டிசம்பர் 1-ஆம் தேதி ஜார்ஜ் டவுனில் நகராண்மைத் தேர்தல் நடந்தது. நாடாளுமன்றத் தேர்தலுக்கு 4 ஆண்டு முன்பாகவே! இந்த நாட்டு மக்கள் ஓட்டுப் போடக் கற்றுக்கொண்டது ஊராட்சியில்தான். ஜார்ஜ் டவுன் 1957-இல் மாநகரமானபோது முதல் மேயராக அமர்ந்தவர் தொழிற்கட்சியின் டி.எஸ். இராமநாதன். பேராக்கின் நகரங்களுக்கும் தேர்தல் வந்தது. ஈப்போவில் சீனிவாசகம் சகோதரர்களின் மக்கள் முற்போக்குக் கட்சி மன்றத்தைக் கைப்பற்றி வைத்திருந்தது. சாக்கடை அடைத்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று மக்களுக்குத் தெரிந்த காலம் அது. அந்த மன்றங்கள் எல்லாம் ஒழுங்காக நடந்தன என்று நான் சொல்லவில்லை. ஊழல் புகார், கட்சிச் சண்டை, கடன், எல்லாம் இருந்தது. ஆனால் அடுத்த தேர்தலும் இருந்தது.

1965 மார்ச்சில் இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி ஊராட்சித் தேர்தல்களை நிறுத்தி வைத்தார்கள். "நிறுத்தி வைப்பு"தான், ஒழிப்பு இல்லை. அதே ஆண்டு, ஊராட்சி மன்றங்களின் செயல்பாட்டை ஆராய ஓர் அரச ஆணையம் அமைந்தது. தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன். நம் வரலாற்றுப் புத்தகங்களில் அவர் பெயர் வேறு காரணங்களுக்காக வரும், இதற்காக வருவதில்லை. எனக்கு அது ஒரு குறையாகவே படுகிறது. 1968 இறுதியில் ஆணையம் அறிக்கை கொடுத்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் தொடர வேண்டும் என்றது. 1971-இல் அறிக்கை வெளிவந்தது, அந்தப் பரிந்துரையை அரசாங்கம் ஏற்கவில்லை. தீவகற்பத்தில் சிறியதும் பெரியதுமாக 374 ஊராட்சி மன்றங்கள் இருந்தன. அவற்றை இணைத்துச் சுருக்கினார்கள். 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம், அதாவது சட்டம் 171, தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. தலைவருடன் 8 முதல் 24 வரை உறுப்பினர்கள், எல்லாரையும் மாநில அரசு நியமிக்கும். நடைமுறையில் ஆளும் கூட்டணிக் கட்சிகள் இடங்களைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. 2008-க்குப் பிறகு சில மாநிலங்களில் ஆட்சி மாறியும் இந்தப் பழக்கம் மாறவில்லை. பினாங்கு 2012-இல் சொந்தமாகச் சட்டம் இயற்றித் தேர்தல் நடத்தப் பார்த்தது. 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் முடியாது என்றுவிட்டது.

இங்கே ஆண்டுகளின் வரிசையைக் கவனியுங்கள். முதலில் ஓட்டு போனது. சேவை போனது அதற்குப் பிறகு. தலைகீழாக நடந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம். பிரிட்டனில் தாட்சர் அரசாங்கம் 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தால் குப்பை அள்ளுதல், தெருக் கூட்டுதல், கட்டடத் துப்புரவு ஆகியவற்றைக் கட்டாயமாக ஏலத்துக்கு விட வைத்தது. அங்கும் தொழிலாளர்கள் அடிபட்டார்கள். ஆனால் மன்றங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டவை, சண்டை போட்டன. 1999-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் கட்டாயத்தை நீக்கியது. இங்கே சண்டை போட மன்றத்தில் யாரும் இல்லை.

தனியார்மயக் கொள்கையை மகாதீர் 1983-இல் அறிவித்தார். 1985-இல் வழிகாட்டி, 1991-இல் பெருந்திட்டம். அரசாங்கச் செலவைக் குறைப்பது, திறமையைக் கூட்டுவது, பூமிபுத்ரா தொழில்முனைவோரை உருவாக்குவது என்று காரணங்கள் சொன்னார்கள். தொலைபேசி இலாகா 1987-இல் கம்பெனியானது, மின்சார வாரியம் 1990-இல், ரயில்வே 1992-இல். இந்த மூன்று பெயரையும் கேட்டாலே நம் வீட்டில் யாராவது ஒரு தாத்தா, ஒரு மாமா நினைவுக்கு வருவார். தோட்டத்தைவிட்டு வெளியேறி அரைக்காற்சட்டை அரசாங்க வேலைக்குப் போனவர்கள் ஏறிய ஏணி இது. பென்ஷன், குவார்ட்டர்ஸ், அரசாங்க மருத்துவம், பிள்ளை எஸ்.பி.எம். வரை படிக்க ஒரு நிலையான முகவரி. கை மாறியபோது, ஏற்கனவே இருந்த ஊழியர்களுக்கு 5 ஆண்டுகளுக்கு ஆள்குறைப்பு இல்லை, முன்பிருந்ததைவிடக் குறையாத நிபந்தனைகள் என்று உறுதி கொடுத்தார்கள். சரி, அது இருந்தவர்களுக்கு. அவர்களுடைய மகன் வேலை கேட்டு வந்தபோது அந்த ஏணி அங்கே இல்லை.

ஊராட்சியின் கையிலிருந்து முதலில் முழுசாகப் போனது கழிவுநீர். 1993-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு இண்டா வாட்டர் நிறுவனத்துக்கு 28 ஆண்டுச் சலுகை கொடுத்து, 1994 முதல் மன்றங்களிடமிருந்து படிப்படியாக ஒப்படைத்தார்கள். மன்றங்களிடம் பணமும் இல்லை, பொறியாளரும் இல்லை, பல சுத்திகரிப்பு நிலையங்கள் பழுதாகிக் கிடந்தன என்பது உண்மை. அதனால் இந்த மாற்றத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இதுவரை சுக்காய் பிந்துவுக்குள் அடங்கியிருந்த ஒன்றுக்குத் தனி பில் வந்ததும் மக்கள் கொதித்தார்கள். பலர் கட்டவே இல்லை. கட்டணத்தைக் குறைத்தார்கள், கடன் ஏறியது. 2000-ஆம் ஆண்டில் நிதியமைச்சு அந்தக் கம்பெனியை வாங்கிக்கொண்டது. ஆக, ஊராட்சியிடமிருந்து தனியாருக்கு, தனியாரிடமிருந்து மத்திய அரசுக்கு. தெலுக் இந்தானில் மலத்தொட்டி நிரம்பினால் நீங்கள் கூப்பிட வேண்டியது உங்கள் மன்றத்தை அல்ல. சேவை திரும்பி அரசாங்கத்திடம் வந்தது, ஊருக்குத் திரும்பவில்லை.

குப்பையின் கதை பேராக்கில் கொஞ்சம் வேறு. 1997-இல் நாட்டின் மத்தியிலும் தெற்கிலும் இரண்டு பெரிய கம்பெனிகள் குப்பை வேலையை ஏற்றன. வடக்கில் திட்டம் அப்படி நகரவில்லை. 2007-இல் திடக்கழிவுச் சட்டம் 672 நிறைவேறி, 2011 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தபோது ஜொகூர், மலாக்கா, நெகிரி செம்பிலான், பகாங், கெடா, பெர்லிஸ் ஆகியவை சேர்ந்தன. பேராக் சேரவில்லை. சிலாங்கூரும் பினாங்கும் சேரவில்லை. அதனால் இங்கே குப்பை இன்னும் மன்றத்தின் பொறுப்புதான். கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? ஆனால் பொறுப்பு மன்றத்திடம் இருக்க, வேலையைச் சொந்த ஆளும் குத்தகையாளரும் கலந்து செய்யலாம். பெரிய கம்பெனி ஒன்றுக்குப் பதிலாகச் சின்னச் சின்னக் குத்தகைகள். தண்ணீரும் அப்படியே: பேராக் தண்ணீர் வாரியம் இன்னும் மாநிலத்துடையது. எல்லாம் போய்விட்டது என்று பிள்ளைகளிடம் புலம்ப வேண்டிய அவசியமில்லை. எது போனது, எது பாதி போனது, எது இருக்கிறது என்று பிரித்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

குத்தகை முறை தொழிலாளியை எப்படித் தொடுகிறது என்பதற்குத் தெலுக் இந்தான் குப்பைமேட்டுக்குப் போக வேண்டாம். உங்கள் பள்ளி வாசலுக்கு வாருங்கள். ஒரு காலத்தில் பள்ளிக்கூட ஜாகாவும் தோட்டக்காரரும் துப்புரவு செய்பவரும் அரசாங்க ஊழியர்கள். இப்போது பெரும்பாலும் குத்தகைக் கம்பெனி ஆட்கள். எங்கள் பள்ளியில் கூட்டிப் பெருக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். முன்பு ஒரு தோட்டத்தில் பால் வெட்டியவர், செம்பனை வந்ததும் வெளியேறியவர். அதே விளக்குமாறு, அதே வராந்தா. சட்டையில் உள்ள கம்பெனிப் பெயர் மட்டும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறும். "சார், நான் திரும்பவும் புது ஆளு" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தச் சிரிப்புக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளால் போட முடியும். போட்டுப் பார்ப்போம்.

1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, ஒரே முதலாளியிடம் 2 ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 8 நாள் விடுமுறை. 2 முதல் 5 ஆண்டுக்குள் 12 நாள். 5 ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 16 நாள். ஒருவர் 15 ஆண்டு ஒரே முதலாளியிடம் இருந்தால் முதல் இரண்டு ஆண்டு 16 நாள், அடுத்த மூன்று ஆண்டு 36 நாள், மீதி பத்து ஆண்டு 160 நாள். மொத்தம் 212. அதே 15 ஆண்டை, 3 ஆண்டுக்கு ஒரு குத்தகை என்று ஐந்து கம்பெனியிடம் கழித்தால்? ஒவ்வொரு குத்தகையிலும் 8, 8, 12. அதாவது 28 நாள். ஐந்து முறைக்கு 140. வேறுபாடு 72 நாள். ஒரே இடத்தில், ஒரே வேலையை, ஒரு நாளும் நிற்காமல் செய்தவருக்கு! நோய் விடுப்பும் இதே படிக்கட்டுதான்: 14, 18, 22. அவர் 22-ஐப் பார்க்கவே முடியாது. ஆள்குறைப்புப் பணமும் சேவை ஆண்டைப் பொறுத்தது. குறைந்தபட்சச் சம்பளம் 2013-இல் தீவகற்பத்தில் 900 வெள்ளி என்று தொடங்கி 2022-இல் 1,500, 2025-இல் 1,700 என்று ஏறியது இவர்களுக்குப் பெரிய ஆறுதல். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் 20 ஆண்டு கூட்டியவருக்கும் நேற்று வந்தவருக்கும் அதே தொகை. அனுபவத்துக்குச் சம்பளப் படி எதுவும் இல்லை.

மருத்துவமனையிலும் இதே நடந்தது. துப்புரவு, சலவை, மருத்துவக் கழிவு, கருவிப் பராமரிப்பு ஆகியவற்றை 1990-களின் நடுவில் மூன்று கம்பெனிகளுக்கு மண்டலம் பிரித்துக் கொடுத்தார்கள். அரசாங்க மருத்துவமனையின் வார்டில் மருத்துவர் ஒரு முதலாளிக்கும் தரை துடைப்பவர் இன்னொரு முதலாளிக்கும் வேலை செய்கிறார்.

இது நம் நாட்டுக் கதை மட்டுமல்ல. சென்னை மாநகராட்சி 2000-ஆம் ஆண்டில் மூன்று மண்டலங்களின் குப்பையை ஒரு தனியார் நிறுவனத்திடம் கொடுத்தது, பிறகு நிறுவனங்கள் மாறிக்கொண்டே வந்தன. 2025 ஆகஸ்டில் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் பல நாள் இரவும் பகலும் உட்கார்ந்தார்கள். எங்களை மாநகராட்சியே வைத்துக்கொள்ளட்டும், கம்பெனிக்குத் தள்ளாதே என்பதுதான் கோரிக்கை. நள்ளிரவில் கைது செய்து அப்புறப்படுத்தினார்கள். அந்தப் படங்களை நாம் கைப்பேசியில் பார்த்தோம், பகிர்ந்தோம். நம் பள்ளி வராந்தாவில் கூட்டும் அக்காவின் கோரிக்கையும் அதுதான். அவர் உட்கார இங்கே ஒரு ரிப்பன் மாளிகை இல்லை, அவ்வளவுதான்.

தமிழ்ப்பள்ளிக்கே இந்த வரலாற்றில் ஓர் இடம் உண்டு. பேராக்கில் 134 தமிழ்ப்பள்ளிகள். அவற்றில் பல இன்றும் பகுதி உதவி பெறும் பள்ளிகள். நிலம் கம்பெனியுடையது, ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்துடையது, கூரை ஒழுகினால் யார் செலவு என்பதற்குப் பதில் கடிதப் போக்குவரத்தில் இருக்கும். ஆட்கள் தோட்டத்தைவிட்டுப் போய்விட்டார்கள், பள்ளி மட்டும் செம்பனைக்கு நடுவே நிற்கிறது. சாலை விளக்கு, குப்பை, சாக்கடை என்று எதற்குப் போனாலும் "அது தோட்டத்து நிலம்" என்ற பதில். 1923-இல் முதலாளி கையில் கொடுத்த பொறுப்பை முழுசாகத் திரும்ப வாங்கிக்கொள்ளாததன் விளைவை, நம்மில் தலைமையாசிரியர்களாக இருப்பவர்கள் மாதாமாதம் அனுபவிக்கிறீர்கள்.

வகுப்பில் இதை எப்படிக் கொண்டுபோவது? நான் செய்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். வீட்டிலிருந்து சுக்காய் பிந்து பில், தண்ணீர் பில், இண்டா வாட்டர் பில் மூன்றையும் கொண்டுவரச் சொல்லுங்கள். பெயரையும் முகவரியையும் மறைத்துவிட வேண்டும். மேலே என்ன சின்னம் இருக்கிறது, பணம் யாருக்குப் போகிறது, புகார் சொல்ல எண் எங்கே இருக்கிறது என்று மூன்று பத்தி போட வையுங்கள். பிறகு, வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால், அவர்கள் பத்து வயதில் இருந்தபோது அதே தண்ணீரை யார் கொடுத்தார்கள் என்று நான்காவது பத்தி. தோட்டத்துப் பிள்ளைகளின் நான்காவது பத்தியில் "துரை" என்று வரும். டவுன் பிள்ளைகளுக்கு "டவுன் போர்டு" என்று வரும். கடைசியாக, இவர்களில் யாரை ஓட்டுப் போட்டு மாற்ற முடியும் என்று கேளுங்கள். என் வகுப்பில் அந்தக் கேள்விக்கு ஒரு பையன் எழுந்து, "சார், மன்றத்துக்கு ஓட்டு எப்போ வரும்?" என்றான். தீவகற்பத்தில் கடைசியாக அது நடந்து அறுபது ஆண்டுக்கு மேலாகிவிட்டது என்று சொன்னேன். தாத்தாவுக்கு ஞாபகம் இருக்குமா, கேட்டுவிட்டு வருகிறேன் என்றான்.